இருவர் வசூலிக்க, மூவர் பங்கிட

கேள்வி:

நான் குமரி மாவட்டத்துக்காரி. வயது 52. இஸ்ரேலில், டெல் அவிவ் பக்கத்து ஊர் ஒன்றில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பெரியவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே என்னைப் போல வேலை செய்கிற நாற்பது பெண்கள் சேர்ந்து ஓர் உதவி நிதி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு தொகை போடுவோம். யாருக்காவது ஆபரேஷன், ஊரில் சாவு, திடீரென்று வேலை போய்விட்டது என்றால் அதிலிருந்து கொடுப்போம். வசூல், கணக்கு, யாருக்கு எவ்வளவு என்பது எல்லாம் நான்தான். எனக்கு எபிரேயம் பேச வரும். அதனால் டாக்டரிடம் கூட்டிப் போவது, விசா பேப்பர் படித்துச் சொல்வது, சம்பளத் தகராறு பேசுவது என்று எல்லாம் என் தலையில். சனிக்கிழமை லீவும் இதிலேயே போகிறது. போன மாதம் ஒருத்திக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. நான் ஓய்வாகும் வரை இரண்டு வாரம் காத்திருந்தாள்.

மற்றவர்களைக் கேட்டால், "நீங்க செஞ்சாதான் அக்கா சரியா வரும்" என்கிறார்கள். ஒரு தடவை வசூலை ஒருத்தியிடம் கொடுத்தேன். நான் தினமும் போன் செய்து கேட்டதில் அவள் விட்டுவிட்டாள். இப்போது புதிதாக வந்த ஒரு சின்னப் பெண், யாரையும் கேட்காமல் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். ஒருத்திக்காகப் பணமும் திரட்டியிருக்கிறாள். "அவளை அடக்குங்கள்" என்று என் தோழிகள் சொல்கிறார்கள். இன்னொருத்தி, என்னோடு மனஸ்தாபம் உள்ளவள், தன் பேப்பர் வேலைக்கு ஒரு துரும்பையும் எடுத்துப்போட மாட்டாள், ஆனால் நான் செய்து தர வேண்டும் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது பெரியவரின் மகள், "எத்திரோ மோசேயிடம் சொன்னதைப் போய் வாசி" என்றாள். வாசித்தேன். ஆனால் என் மனசு ஆறவில்லை. ஒரு ராத்திரி, "கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று ஜெபித்துவிட்டேன். அது பாவமா? யூதர்கள் இதையெல்லாம் எப்படிப் படிக்கிறார்கள்? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த ஜெபத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு.

நீங்கள் ஜெபித்ததை மோசேயும் ஜெபித்திருக்கிறார். எண்ணாகமம் 11ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து மோசே நடத்தி வந்த ஜனங்கள் இறைச்சி கேட்டு அவரவர் கூடார வாசலில் நின்று அழுகிறார்கள். மோசே தேவனிடம் கேட்கிறார்: இத்தனை ஜனத்தையும் நானா கர்ப்பம் தரித்தேன்? நானா பெற்றேன்? பால்குடிக் குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துச் சும என்கிறீரே? என் ஒருவனால் முடியாது, எனக்கு இது மிஞ்சின பாரம். இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுவிடும்.

இந்த வார்த்தைக்கு வந்த பதிலைப் பாருங்கள். கண்டிப்பு ஒரு சொல்கூட இல்லை. "எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா. நீ தனியாகச் சுமக்காதபடி அவர்கள் உன்னோடு சுமப்பார்கள்." அவ்வளவுதான். சாக வேண்டும் என்று ஒரு மனிதன் சொன்னதை, சுமை மிஞ்சிவிட்டது என்ற செய்தியாகவே அந்தப் பகுதி எடுத்துக்கொள்கிறது. பாவமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுவே. நீங்கள் பாவம் செய்யவில்லை.

ஆனால் அந்த எண்ணத்தைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அது திரும்ப வந்தால், அந்த ராத்திரியே ஒரு மனுஷியிடம் சொல்லுங்கள். யாரையும் எழுப்ப மனமில்லை என்றால், இஸ்ரேலில் 1201 என்ற எண்ணில் ஏரான் அமைப்பின் தன்னார்வலர்கள் எந்நேரமும் போனை எடுப்பார்கள். உங்களுக்கு எபிரேயம் வரும், பேசலாம். ஒரு டாக்டரையும் பாருங்கள். இத்தனை பேரை டாக்டரிடம் கூட்டிப் போன நீங்கள் உங்களுக்காக ஒரு தடவை போங்கள். கீழே எழுதியிருப்பதையெல்லாம் இதற்குப் பிறகு வாசித்தால் போதும்.

அப்புறம் மோசேயின் மாமனார் எத்திரோ. அந்த மகள் சொன்னது சரியான இடம். தை, மாசி வாக்கில் ஜெப ஆலயங்களில் வாசிக்கிற அந்த வாரப் பகுதிக்கே எத்திரோவின் பெயர்தான். பத்துக் கட்டளைகள் கொடுக்கப்படுவதும் அதே பகுதியில்தான் வருகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு மீதியானிய ஆசாரியர் ஒருவரின் பெயர், அதுவும் வெளியாள் ஒருவரின் பெயர் நிற்கிறது. மாமனார் மருமகனைப் பார்க்க வருகிறார். மறுநாள் மோசே நியாயம் விசாரிக்க உட்காருகிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனம் முழுவதும் சுற்றி நிற்கிறது. எத்திரோ கேட்கிற முதல் கேள்வி மருமகனின் களைப்பைப் பற்றியது அல்ல. நீ ஒருவன் உட்கார்ந்திருக்க ஜனமெல்லாம் நிற்பானேன் என்கிறார். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெரிய உரையாசிரியர் ராஷி இந்த இடத்தில் நிற்கிறார். மோசே ராஜா போல உட்கார்ந்திருக்க எல்லாரும் நின்றுகொண்டிருந்தது எத்திரோவின் மனதை உறுத்தியது, இஸ்ரவேலின் மரியாதையை மோசே குறைத்துவிட்டார் என்று பட்டது என்று எழுதுகிறார். அதற்குப் பிறகுதான், நீயும் தளர்ந்துபோவாய், உன்னோடிருக்கிற இந்த ஜனமும் தளர்ந்துபோகும் என்ற பேச்சு வருகிறது.

நீங்கள் உங்கள் களைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நியாயம். ஆனால் இரண்டு வாரம் காத்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே வரி. எத்திரோ உங்கள் சனிக்கிழமைக்கு வந்திருந்தால் முதலில் அவளைத்தான் பார்த்திருப்பார். எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் அந்த ஒருவர் மட்டும் தேய்வதில்லை. வரிசையில் நிற்பவர்களும் தேய்கிறார்கள். சுமையை இறக்கினால் அவர்களைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. உண்மையில் இப்போதுதான் அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

எத்திரோவின் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்கள். ரபிகள் என்னும் யூத ஆசிரியர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் இதைக் கூட்டிப் பார்க்கிறது. ஆறு லட்சம் பேருக்கு மொத்தம் 78,600 தலைவர்கள். கிட்டத்தட்ட எட்டுப் பேருக்கு ஒருவர்! அந்தக் கணக்கில் உங்கள் நாற்பது பேருக்கு ஐந்து பேர் வேண்டும். எப்படிப்பட்டவர்கள் என்றால் திறமையுள்ளவர்கள், தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், அநியாய லாபத்தை வெறுக்கிறவர்கள். மொழி தெரிய வேண்டும், நாவன்மை வேண்டும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களால் முடியாத வழக்கு மட்டும் மேலே வரட்டும் என்கிறார்.

சம்பளத் தகராறு அப்படி மேலே போக வேண்டிய வழக்குதான், ஆனால் அது வந்து சேர வேண்டிய இடம் நீங்கள் இல்லை. டெல் அவிவில் காவ் லாஓவேத் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு இருக்கிறது. உங்களைப் போன்ற பராமரிப்புப் பணியாளர்களின் சம்பளம், விடுப்பு, விசா விவகாரங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்கள். அங்கே அனுப்புங்கள். முதலாளியோடு நீங்களே போய் வாதாடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்தாலும் மனசு ஆறாது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் மோசேக்கும் ஆறவில்லை. எத்திரோவின் ஏற்பாடு யாத்திராகமம் 18இல் வருகிறது. நான் முதலில் சொன்ன அந்த அழுகை எண்ணாகமம் 11இல் வருகிறது. நூல் சொல்லிச் செல்கிற வரிசைப்படி பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம். அத்தனை ஆயிரம் தலைவர்கள் இருக்கும்போதே மோசே என்னைக் கொன்றுவிடும் என்கிறார். எத்திரோ வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார். வழக்குகள் பிரிந்து போயின. ஆனால் ஜனங்களின் அழுகை பிரிந்து போகவில்லை, அது மொத்தமும் மோசேயின் காதில்தான் விழுந்தது. இது என் வாசிப்பு. உங்கள் கடிதத்தைப் படித்தபின் இன்னும் உறுதியாகிறது. வசூலை ஒருத்தியிடம் கொடுத்தீர்கள், ஆனால் நிதியைப் பற்றிய கவலையை உங்களிடமே வைத்துக்கொண்டு தினமும் போன் செய்தீர்கள். அவளுக்கு வேலை வந்தது. பொறுப்பு வரவில்லை.

இரண்டாவது தடவை நடந்தது வேறு விதம். உன்மேல் இருக்கிற ஆவியில் எடுத்து அவர்கள்மேல் வைப்பேன் என்று தேவன் சொல்கிறார். அப்படியென்றால் மோசேக்குக் குறைந்துவிட்டதா என்று ரபிகள் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதிலை ராஷி எடுத்துத் தருகிறார். அந்த நேரத்தில் மோசே குத்துவிளக்கின்மேல் வைத்த சுடரைப் போல இருந்தார். எல்லாரும் அதிலிருந்து ஏற்றிக்கொண்டார்கள், அதன் வெளிச்சம் துளியும் குறையவில்லை.

அந்த எழுபது பேர் யார் என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. இவர்கள் மூப்பர்கள் என்று உனக்குத் தெரிந்தவர்களைக் கூட்டு என்கிறார் தேவன். எப்படித் தெரியும்? ராஷி எகிப்துக்குத் திரும்பிப் போகிறார். பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்றான் அல்லவா? கணக்குக் குறைந்தபோது ஜனங்களை வேலை வாங்கும் பொறுப்பில் இருந்த இஸ்ரவேல் அதிகாரிகள்தான் அடி வாங்கினார்கள் என்று யாத்திராகமம் 5 சொல்கிறது. ஜனங்களின்மேல் இரங்கி, அடியைத் தங்கள் முதுகில் வாங்கிக்கொண்டவர்கள். அவர்களே இப்போது மூப்பர்கள். அவர்களுடைய கஷ்டத்தில் பங்கெடுத்தவர்கள் இப்போது பெருமையிலும் பங்கெடுக்கட்டும் என்பது ராஷியின் விளக்கம்.

ஆகவே, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்ப வேண்டாம். உங்கள் நாற்பது பேரில் இன்னொருத்திக்காக ஏற்கெனவே அடி வாங்கியவர்கள் யார்? தன் லீவை விட்டுக்கொடுத்து வேறொருத்தியின் வீட்டில் ஷிஃப்ட் பார்த்தவள், கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காதவள், முதலாளியம்மாவிடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகப் பேசிப் பேச்சு வாங்கியவள். பெயர்கள் உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்களாக நியமிக்காதீர்கள். உபாகமத்தின் தொடக்கத்தில் மோசே இதே கதையைத் திரும்பச் சொல்லும்போது, உங்கள் கோத்திரங்களில் பேர்பெற்ற ஞானிகளை நீங்களே கொண்டுவாருங்கள் என்று ஜனங்களிடம் கேட்டதாகவும், நல்லது என்று அவர்கள் சம்மதித்ததாகவும் சொல்கிறார். ஊராரைக் கேட்காமல் ஊருக்குப் பொறுப்பாளரை வைக்கக் கூடாது என்று தல்மூத்தில் பெரக்கோத் பகுதி விதியாகவே சொல்கிறது. வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தை வேலை செய்த பெசலேயேலைக்கூட, தேவன் மோசேயிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு, பிறகு ஜனங்களிடமும் கேட்கச் சொன்னாராம். வெயில் காலத்தில் உங்கள் பெரியவர் ஜெப ஆலயத்துக்குப் போகிறவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து உபவாசம் இருக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை உபாகமத்தின் இந்தப் பகுதியை வாசிப்பார்கள். "நான் ஒருவனாக உங்கள் பாரத்தை எப்படிச் சுமப்பேன்" என்ற அந்த ஒரு வசனம் வரும்போது பல ஜெப ஆலயங்களில் ராகம் மாறும். புலம்பல் புத்தகத்தின் ராகத்தில் பாடுவார்கள்.

சரி, அந்தச் சின்னப் பெண். அவளுக்கும் அந்த எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்திலேயே இடம் இருக்கிறது. பன்னிரண்டு கோத்திரத்துக்கு ஆறு ஆறு பேராக எடுத்தால் 72. வேண்டியதோ 70. எனவே 72 சீட்டு எழுதி, 70இல் மூப்பர் என்று எழுதி, இரண்டை வெறுமையாக விட்டு மோசே குலுக்கினார் என்று தல்மூத் சொல்கிறது. எல்தாத், மேதாத் என்ற இருவர் கூடாரத்துக்கு வராமல் பாளையத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பெரிய இடத்துக்கு நாங்கள் தகுதியில்லை என்று நினைத்தார்களாம். நின்ற இடத்திலேயே தீர்க்கதரிசனம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் ஓடிவந்து மோசேயிடம் சொல்கிறான். சிறுவயது முதல் மோசேயின் கூடவே இருந்த யோசுவா, "ஆண்டவனே, அவர்களைத் தடுத்துவிடும்" என்கிறான். உங்கள் தோழிகள் சொல்வதேதான், அதே பாசத்தில்தான். மோசே சொல்கிறார்: எனக்காக நீ வைராக்கியம் காட்டுகிறாயா? கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவர்கள் இருவரும் சொன்ன தீர்க்கதரிசனம் என்ன என்று தல்மூத்தில் ஒரு கருத்து உண்டு. மோசே இறந்துபோவார், யோசுவா இஸ்ரவேலரைத் தேசத்துக்குள் கொண்டுபோவார் என்பது. அப்படியானால் தன் முடிவைச் சொன்னவர்களைப் பார்த்துத்தான் மோசே அந்த ஆசையைச் சொன்னார்.

அவளை அடக்காதீர்கள். கூப்பிட்டு ஒரு டீ கொடுத்துப் பேசுங்கள். ஆஸ்பத்திரி வேலை முழுவதையும் அவளிடம் விடுங்கள், உங்களிடம் வந்து வந்து கேட்கச் சொல்லாதீர்கள். குழு அவள் ஆரம்பித்ததாகவே இருக்கட்டும். எபிரேயம் தட்டுத் தடுமாறினால் முதலில் சில தடவை கூடப் போங்கள், அவள் பேச நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளையும் விடாதீர்கள், உங்களையும் விடாதீர்கள். பணம். இதில் யூத மரபு நெகிழவே நெகிழாது. பொது மக்களின் பண விஷயத்தில் இருவருக்குக் குறைவானவர்களிடம் அதிகாரம் கொடுக்கக் கூடாது என்பது, தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் சட்டம். ஊர்த் தரும நிதியை இருவர் வசூலிக்க வேண்டும், மூவர் பங்கிட வேண்டும் என்பது இன்னொரு மிஷ்னா. பங்கிடுவதற்கு ஏன் மூவர் என்றால், யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பண வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்குச் சமம். பண வழக்குக்கு நீதிபதிகள் மூவர்.

தல்மூத் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வசூலுக்குப் போகிற இருவரும் தெருவில் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. போகிற வழியில் ஒருவருக்குக் கீழே கிடந்த காசு கிடைத்தால், அது அவருடையதே ஆனாலும், தன் மடியில் போடக் கூடாது. நிதிப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தபின் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவன் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக. நிதியில் உள்ள சில்லறையை மாற்ற வேண்டும் என்றால் வெளியாரிடம் மாற்ற வேண்டும், தன் சொந்தப் பணத்தோடு மாற்றிக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் சந்தேகத்தில் பிறந்த சட்டம் என்று நினைக்காதீர்கள். அடுத்த பக்கத்திலேயே, தரும நிதிப் பொறுப்பாளர்களிடம் கணக்குக் கேட்டு நெருக்க வேண்டாம் என்றும் வருகிறது. பணம் வைத்திருக்கிறவரின் நல்ல பெயரைக் காப்பதுதான் நோக்கம். நாற்பது பேரின் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் நீங்கள் எந்நேரமும் ஒரு பொய்ப் பேச்சுக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறீர்கள். அந்த இளம்பெண்ணும்தான். எனவே அவளிடம் சொல்லுங்கள்: நானும் இனி தனியாக வாங்க மாட்டேன், நீயும் வாங்காதே, திரட்டிய பணத்தைப் பொது நிதியோடு சேர்த்துவிடு. இருவர் வாங்கட்டும். யாருக்கு எவ்வளவு என்பதை மூவர் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அப்படிச் செய்தால் அவசரத்துக்கு வந்தவள் இரண்டு வாரம் காத்திருக்க மாட்டாள். அந்தக் காலத்திலும் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை பங்கிட்டார்கள்.

மூவர் கூடும்போது இன்னொரு பழக்கத்தையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். உயிர்த் தண்டனை வழக்குகளில் நீதிபதிகள் கருத்துச் சொல்லும்போது கடைசி வரிசை இளையவரிடம்தான் ஆரம்பிப்பார்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர் எதிர்த்துப் பேசத் துணிய மாட்டார். உங்கள் கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். "நீங்க செஞ்சாதான் அக்கா சரியா வரும்" என்ற பாட்டு அதனாலேயே பாதி நின்றுவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஆலயம் இடிந்த பிறகு, யாவ்னே என்ற ஊரில் கல்விச்சபை நடந்த காலம். தலைவர் ரபான் கமாலியேல். பெரிய அறிஞர், கண்டிப்பானவர். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் காவலாளியை வைத்திருந்தார். ஒரு நாள் ரபி யோசுவா என்ற மூத்த அறிஞர், சாயங்கால ஜெபம் கட்டாயமா இல்லையா என்பதில் மாறுபட்டுப் பேசியதற்காக, சபை நடந்த நேரம் முழுவதும் அவரை நிற்க வைத்தார். ஏற்கெனவே இரண்டு தடவை அவரை நோகடித்திருந்தார். சபையார் பொறுக்க முடியாமல் அன்றே கமாலியேலைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டு, எலெயாசார் பென் அசரியா என்ற இளைஞரை வைத்தார்கள். வயது பதினெட்டு என்கிறது தல்மூத். அன்றைக்கே வாசல் காவலாளியை எடுத்துவிட்டார்கள். சபையில் நூற்றுக்கணக்கில் புதிய பெஞ்சுகள் போட வேண்டியதாயிற்று. 400 என்பார் ஒருவர், 700 என்பார் இன்னொருவர். அதைப் பார்த்து கமாலியேல் கலங்கினார், இத்தனை பேரையா நான் தடுத்து வைத்திருந்தேன் என்று.

பிறகு மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போகிறார். சுவர்கள் கறுத்துக் கிடக்கின்றன. "உம் வீட்டுச் சுவரைப் பார்த்தால் நீர் கரி வேலை செய்கிறவர் என்று தெரிகிறதே" என்கிறார். யோசுவா பதில் சொல்கிறார்: "உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ! அறிஞர்கள் படுகிற பாடு உமக்குத் தெரியவில்லை, எப்படிப் பிழைக்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்றும் தெரியவில்லை." இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்திருந்தவரின் வீட்டுச் சுவரை அன்றுதான் பார்க்கிறார்.

முடிவில் கமாலியேல் திரும்ப வந்தார். எலெயாசாரை இறக்கிவிடவில்லை. மூன்று சனிக்கிழமை இவர் பேச, ஒரு சனிக்கிழமை அவர் பேச என்று பங்கிட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் கமாலியேல் இல்லை, யாரையும் நிற்க வைக்கவில்லை. ஆனால் உங்கள் வாசலிலும் அறியாமல் ஒரு காவலாளி இருக்கிறான். தினமும் வருகிற அந்த போன்தான் அது. அதோடு, மாட்டேன் என்ற பெண்களின் வீட்டுச் சுவரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒருத்திக்கு ராத்திரி தூக்கமே இல்லாமல் படுக்கையில் இருக்கும் நோயாளி, ஒருத்திக்குச் சனிக்கிழமை லீவே கிடையாது, ஒருத்திக்குக் கணக்கு எழுத வராது என்று சொல்ல வெட்கம். காரணம் தெரிந்தால் அவளால் முடிந்த வேலை எது என்று தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்றால் பலர் சரி என்பார்கள்.

மனஸ்தாபம் உள்ள அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். யாத்திராகமம் 23இல், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுப் போகாதே, அவனோடு கூட இறக்கிவிடு என்று இருக்கிறது. நண்பனுடைய கழுதையும் பகைவனுடைய கழுதையும் ஒரே நேரத்தில் காத்திருந்தால் பகைவனுக்கு முதலில் உதவு, உன் கெட்ட மனசை அடக்கு என்கிற அளவுக்கு ரபிகள் போகிறார்கள். ஆகவே, சண்டை என்பதற்காக அவளை ஒதுக்கக் கூடாது. ஆனால் அதே சட்டத்துக்கு மிஷ்னா ஓர் எல்லை போடுகிறது. கழுதைக்காரன் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "கட்டளை உனக்குத்தானே, இறக்குவதென்றால் இறக்கு" என்றால், நீ போகலாம். "அவனோடு கூட" என்றுதான் எழுதியிருக்கிறது. அவன் கிழவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் மட்டும் தனியாகச் செய்ய வேண்டும். அவளிடம் இதையே கோபமில்லாமல் சொல்லலாம்: "பேப்பரை எடுத்துக்கொண்டு வா, பக்கத்தில் உட்கார், நீ எழுது, நான் சொல்லித் தருகிறேன்." உட்கார மாட்டேன் என்றால் உங்கள்மேல் கடன் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் கணக்கே வேறு, நீங்களே செய்து கொடுங்கள்.

கடைசியாக, ஒருவர் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அவருக்கு மாற்று யார் என்பதையும் அன்றே எழுதி வையுங்கள். சவப்பாடை தூக்குபவர்களைப் பற்றி மிஷ்னா பேசும்போது, தூக்குபவர்கள், அவர்களை மாற்றிவிடுபவர்கள், மாற்றிவிடுபவர்களை மாற்றிவிடுபவர்கள் என்று மூன்று வரிசையைச் சொல்கிறது. பாடைக்குத் தேவைப்படுகிற இவர்கள் எல்லாருக்கும் அந்த நேரத்து ஜெபக் கடமையிலிருந்தே விலக்கு உண்டு. இன்னும் தோள் கொடுக்காதவனையும் சுமப்பவனாகவே எண்ணியிருக்கிறார்கள். உங்களில் ஒருத்தி ஊருக்கு லீவில் போகும்போதும், வீடு மாறும்போதும் வேலை நின்றுபோகாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

உங்கள் வயதை எழுதியிருந்தீர்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்த லேவியர்கள் 25 வயதில் வேலைக்கு வந்து, 50இல் பாரமான வேலையை விட வேண்டும் என்று எண்ணாகமம் 8 சொல்கிறது. அதன்பிறகு வீட்டில் உட்கார வைக்கவில்லை. சகோதரர்களோடு இருந்து காவல் காக்கலாம். தோளில் சுமப்பதுதான் இல்லை, வாசல் கதவை அடைப்பது, பாடுவது, வண்டியில் பாரம் ஏற்றுவது எல்லாம் உண்டு என்று ராஷி சொல்கிறார். எனவே ராத்திரி ஆஸ்பத்திரி ஓட்டத்தை இந்த மாதமே இளையவர்களிடம் விட்டுவிடுங்கள். நிதியைப் பங்கிடுகிற மூவரில் ஒருவராக இருங்கள், அதுவும் ஒரு வருடத்துக்கு என்று கெடு வைத்து. விசா பேப்பர் வாசிக்க இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். நான்கு சனிக்கிழமையில் ஒன்றில் உங்கள் போனை அந்தச் சின்னப் பெண்ணிடம் திருப்பிவிட்டு, நீங்கள் தூங்குங்கள்.